ஒடிசாவுக்கு மிஷனரி அனுப்புகிறோம், ஒடிசாக்காரப் பையனை குழாயடியிலிருந்து விரட்டுகிறோம்: சபையின் மிஷன் என்றால் என்ன?

பனங்காட்டுத் தம்பி | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்ச் சபையில் இந்த வருஷம்தான் முதல்முறையாகக் கமிட்டிக்கு வந்திருக்கிறேன். மிஷனரிக் காணிக்கைக் கணக்கு என் பொறுப்பு. மாதம் ஒரு மிஷனரி ஞாயிறு உண்டு. ஒடிசாவில் ஒரு குடும்பத்தையும் சத்தீஸ்கரில் ஒரு குடும்பத்தையும் எங்கள் சபை தாங்குகிறது. ஆலயத்தின் பின்சுவரில் இந்திய வரைபடம் மாட்டி, அந்த இரண்டு இடத்திலும் சிவப்புத் தலைக் குண்டூசி குத்தியிருக்கிறோம். நான் ஞாயிறு பள்ளிக்குப் போன நாளிலிருந்து அந்தப் படம் அங்கே தொங்குகிறது.

போன மிஷனரி ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணிக்கொண்டிருந்தோம். வெளியே குழாயடியில் சத்தம். பக்கத்துத் தெருவில் கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள், அங்கே வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர் 20 லிட்டர் கேனோடு தண்ணீர் பிடிக்க வந்திருந்தார்கள். காம்பவுண்டுக்குள் வரக்கூடாது என்று நம் சபையார் ஒருவர் விரட்டிக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் வாசலில் ஒரு சைக்கிள் களவு போனதிலிருந்து எல்லாருக்குமே ஒரு பயம். பையன்கள் எதிர்த்துப் பேசவில்லை. ஒருவனுடைய கேனில் பாதி நிரம்பியிருந்தது. அதைக் குழாயடியிலேயே கொட்டிவிட்டு வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

அப்புறம் மேஸ்திரியிடம் எந்த ஊர்ப் பையன்கள் என்று கேட்டேன். ஒடிசா என்றார். அந்த நேரம் என் சட்டைப் பையில் ஒடிசாவுக்கு அனுப்ப வேண்டிய காணிக்கைப் பணம் இருந்தது.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. கமிட்டியில் பேசினேன். இந்திக் கைப்பிரதி (சுவிசேஷம் அச்சிட்ட சின்னத் துண்டுத்தாள்) கொஞ்சம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். ஊழியம் மிஷனரிகள் வேலை, தாங்குவது நம் வேலை என்றார் இன்னொருவர். காலம் சரியில்லை, வம்பை விலைக்கு வாங்காதே என்றார் மூன்றாமவர். மூன்றிலும் எனக்குத் திருப்தி இல்லை. சபை வெளியே போவது என்றால் உண்மையில் என்ன? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஓலைக்கொட்டான் | ஞாயிறு, மதியம் 2.15

தம்பி, நான் 34 வருஷம் சரித்திர டீச்சர். அதனால் பழைய கதையிலிருந்துதான் எனக்குப் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருக்கிற மாவட்டத்தில் வெள்ளாளன்விளை என்று ஒரு ஊர். 1874-ல் அங்கே ஒரு குருவானவர் வீட்டில் பிறந்தவர் வி. எஸ். அசரியா. 1902-ல் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்ச் சபையார் தாங்களே காணிக்கை போட்டு, தாங்களே ஆள் தேடி, வெளியூருக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவரை உலுக்கிவிட்டது. நம் சபைகளுக்கு அப்போது சுமார் 100 வருஷம் ஆகியிருந்தது. முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டானது 1799-ல், பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய கோயில் அதற்கும் முந்தியது, 1785. இவ்வளவு காலமும் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம், கொடுத்ததில்லையே என்று திரும்பி வந்து கேட்டார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. ஆளும் இந்தியர், பணமும் இந்தியர் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில். வெள்ளைக்காரர் காசு ஒன்றும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார்கள். பனையேறிகள் வீட்டுக் காசில் நைஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் போனது. டெல்லி ரயிலில் போகிறவர்கள் வாரங்கலுக்குத் தெற்கே அந்த ஜங்ஷனைக் கடந்துதான் போகிறீர்கள், இனிமேல் எட்டிப் பாருங்கள்.

முதலில் செயலாளராக இருந்து மற்றவர்களை அனுப்பினார். பிறகு, போங்கள் என்று சொல்லிக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று 1909-ல் குருப்பட்டம் பெற்றுத் தானே போனார். தெலுங்கு படித்தார். அங்கே ஊர்க்கோடியில் ஒதுக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்கள் நடுவில் வாழ்ந்தார். 1912-ல் கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் அபிஷேகம். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை.

இதற்கு நடுவில், 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஐரோப்பியர், அமெரிக்கர். 35 வயது அசரியா எழுந்து நின்று பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், இந்தியச் சபை அதை மறக்காது, ஆனால் நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பு இல்லாவிட்டால் இதெல்லாம் வீண் என்கிற 1 கொரிந்தியர் 13 தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தை எங்கே போய்க் குத்துகிறது என்று புரியும். மாநாட்டில் பலருக்கு முகம் சுண்டிப்போனது.

தம்பி, உங்கள் சட்டைப் பையில் இருந்த பணம் நல்ல பணம். அதைக் குறைக்காதீர்கள். ஆனால் 1910-ல் நம்மூர்க்காரர் வெள்ளைக்காரரிடம் கேட்டதை இன்றைக்கு அந்தப் பையன் நம்மிடம் கேட்கலாம். கைப்பிரதி கொடுப்பதற்கு முன்னால் அவன் பெயர் என்ன என்று கேட்டீர்களா?

---

பனங்காட்டுத் தம்பி | ஞாயிறு, மாலை 6.02

இல்லை டீச்சர். கேட்கவில்லை. மேஸ்திரியிடம் ஊரை மட்டும்தான் கேட்டேன்.

---

சங்கரன் நெல்லை | ஞாயிறு, இரவு 10.30

நான் கிறிஸ்தவன் இல்லை. இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை. யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை.

இரண்டு அனுபவம் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் கிட்னி கோளாறால் படுத்திருந்தார்கள். நான் மருந்து வாங்கப் போன நேரம் யாரோ இரண்டு பேர் வார்டுக்குள் வந்து ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா சரி என்று சொல்லியிருக்கிறார்கள், சாமியில் என்ன பேதம் என்று நினைப்பவர்கள் அவர்கள். ஜெபம் முடிந்ததும், நீங்கள் கும்பிடுகிற விக்கிரகங்களால்தான் இந்த வியாதி, அதையெல்லாம் தூக்கிப் போட்டால் சுகம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தார்கள். 50 வருஷம் விளக்கேற்றிய பூஜை அறையாலா எனக்கு இப்படி என்று இரவெல்லாம் கேட்டார்கள். 

இன்னொன்று. அப்பா இறந்தபோது எனக்கு 11 வயசு. எதிர்வீட்டு மேரி பெரியம்மா (அப்படித்தான் கூப்பிடுவோம்) 16 நாளும் தூக்குச்சட்டியில் ரசம் சாதமும் துவையலும் கொண்டுவந்து வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். தீட்டு வீடு என்று சொந்தக்காரர்களே உள்ளே வரத் தயங்கினார்கள். மதம் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசினதில்லை.

அரசியல் சட்டம் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது, பரப்புவதில் இன்னொருவரை மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது எல்லாம் எனக்குத் தெரியும். என் கேள்வி சட்டக் கேள்வி இல்லை. டீச்சர் நண்பர்கள் என்கிறார்கள். அந்தப் பையனோடு பழகுவது அவனுக்காகவா, அவனை ஒரு நாள் மாற்றுவதற்காகவா? கடைசியில் மாற்றத்தான் என்றால் அதற்கு நட்பு என்று பெயர் வைக்கலாமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

---

கன்வென்ஷன் பந்தல் | திங்கள், காலை 6.10

சகோதரர் சங்கரனுக்கு நடந்தது தவறு. ஆனால் அதைக் காட்டி வாயே திறக்கக் கூடாது என்றால் எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது. என் தாத்தா சாராயத்தில் வீட்டை அழித்தவர். ரயில்வே பிளாட்பாரத்தில் யாரோ கொடுத்த நாலு பக்கக் கைப்பிரதியைப் படித்துத்தான் திருந்தினார். கொடுத்தவர் முகமே அவருக்கு நினைவில்லை. அந்தக் காகிதத்தை லேமினேட் பண்ணி வீட்டில் வைத்திருக்கிறோம். சொல்லுகிறவன் இல்லாமல் கேட்பது எப்படி? சாப்பாடு போடுவதை எந்தச் சங்கமும் செய்யும், சபை எதற்கு?

---

மலைக்காட்டு மகள் | திங்கள், இரவு 8.45

என் அப்பா அம்மா மிஷனரிகள். ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலைகளில் மால்டோ மக்கள் நடுவில் 19 வருஷம் இருந்தார்கள். நானும் தம்பியும் ஹாஸ்டலில் வளர்ந்தோம், லீவுக்கு மட்டும் மலை ஏறுவோம். நம் சபைகளில் மிஷனரிப் படம் காட்டும்போது வராத சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

அப்பா முதல் இரண்டு வருஷம் பிரசங்கமே பண்ணவில்லை. பண்ண மொழி வரவில்லை என்பது ஒரு காரணம். அந்த மலையில் மலேரியாவும் காலா அசாரும் வீட்டுக்கு வீடு. காலா அசார் வந்தவருக்கு வயிறு மட்டும் உப்பும், உடம்பு கறுத்துக்கொண்டே போகும், மருந்து கிடைக்காவிட்டால் சாவுதான். கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, நாலு காலிலும் கயிறு கட்டி, மூங்கிலில் கோத்து, நோயாளியை அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு மலை இறங்குவார்கள். ஒரு தோளில் அப்பா, இன்னொரு தோளில் ஊர்க்காரர். அந்தத் தோள் மாற்றும்போது சொல்கிற வார்த்தைகளைத்தான் அப்பா முதலில் கற்றுக்கொண்டார். மெதுவாக, இறக்கு, கல் இருக்கிறது, தண்ணீர் கொடு.

அந்த ஊரில் ஒரு தாத்தா கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அப்பாவுக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். அம்மாவுக்குப் பிரசவ நேரத்தில் ரத்தப்போக்கு வந்தபோது கட்டிலைத் தூக்கினவரும் அவர்தான். அவர் செத்தபோது அப்பா அழுத மாதிரி என் சொந்தத் தாத்தாவுக்கு அழவில்லை. சங்கரன் அண்ணன், உங்கள் கேள்விக்கு என்னால் தர்க்கம் பண்ணத் தெரியாது. அந்தத் தாத்தா விசுவாசியாகவில்லை என்பதற்காக அப்பா ஒரு நாளும் அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் போனதில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் லீவில் ஊருக்கு வந்தால், சபையில் முதல் கேள்வி எத்தனை ஆத்துமா என்பதுதான். மாத அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். அப்பா அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். பல மாதம் அதில் பூஜ்யம். ஒரு ஆண்டு தாங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அதனாலேயே நிறுத்திவிட்டது. தாங்குகிற சபைகள் தயவுசெய்து அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, உங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஒரு கட்டம் போடுங்கள்.

தம்பி அண்ணன் (உங்கள் வயசு தெரியவில்லை), அந்தப் பையன்கள் ஒடிசாவில் எந்த மாவட்டம் என்று கேட்டுச் சொல்லுங்கள். சுந்தர்கர் பக்கமோ ஜார்க்கண்ட் எல்லையோ என்றால் "ஜோஹார்" என்று சொல்லிப் பாருங்கள். ஆதிவாசிகள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம் அது. இந்தியில் ஆரம்பிப்பதைவிட நல்லது.

---

வடக்குத்தெரு பேரன் | செவ்வாய், இரவு 9.20

டீச்சர் 1910 பற்றிச் சொன்னீர்கள். அதே 1910-ல் நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் வேறொன்று நடந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு மண்டபம், நடுவில் சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், ஒரு பக்கம் நாடார். ஒரே பூசை, ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஜெபிக்கலாம். 1910-ல்தான் அந்த நடுச்சுவரை இடித்தார்கள், அதற்கும் சண்டை, கோர்ட்டு. புராட்டஸ்டண்ட் சபைகள் இதில் சுத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாதியை உடனே, முற்றிலும், இறுதியாக விட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் நிருபம் எழுத வேண்டியிருந்தது. எழுதி 190 வருஷம் தாண்டிவிட்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் அசனத்தில் (ஆலய விருந்தில்) எங்கள் தெருவுக்குக் கடைசிப் பந்தி. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. எங்கள் அப்பாவே அவசரப்படாதே, கூட்டம் குறையட்டும் என்று என்னைப் பிடித்து நிறுத்துவார். கூட்டம் குறையும்போது கறியும் குறைந்திருக்கும், குழம்பில் உருளைக்கிழங்குதான் மிதக்கும். நான் காலேஜ் போன வருஷம் முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன். பரிமாறினவர் என் இலையைத் தாண்டிப் போனார். தெரியாமல் போனாரோ தெரிந்து போனாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எழுந்து வரவில்லை. அவர் இரண்டாம் தடவை வரும்வரை வெறும் இலையோடு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அசனத்துக்கு அந்த ஒடிசாப் பையன்களைக் கூப்பிட்டால், எந்தப் பந்தியில் உட்கார வைப்பீர்கள்? இதற்குப் பதில் இருந்தால் உங்கள் மிஷன் என்ன என்பதற்கும் பதில் இருக்கிறது.

---

கடலோரக் காற்று | புதன், காலை 7.30

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட ஆட்களைப் பற்றி டீச்சர் நினைவுபடுத்தினது பெரிய சந்தோஷம், எங்கட பிள்ளைகளுக்கே இது தெரியாது.

மொழி பற்றி ஒரு சின்ன விஷயம். 1847-ல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் இங்கே வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, ஊர்ப் பெடியன்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான். படித்து முடித்த பெடியன்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள், கிராமத்துச் சனத்துக்கு ஆள் மிஞ்சவில்லை. 1860களில் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றினார். அங்காதிபாதம் (உடற்கூறு), இரண வைத்தியம் (அறுவை), பிரசவ வைத்தியம் எல்லாம் தமிழில் அச்சிட்டார். 1873-ல் திரும்பிப் போகுமுன் 60-க்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கியிருந்தார். மாசசூசெட்ஸில் இருக்கிற அவருடைய கல்லறைக் கல்லில் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றுதான் எழுதியிருக்கிறது.

இந்திக் கைப்பிரதி வாங்கப் போகிறோம் என்று தம்பியின் கமிட்டியில் சொன்னார்களாம். அந்தப் பெடியன்களின் மொழி இந்திதானா என்று ஒருத்தராவது விசாரித்தார்களா? வடக்கில் இருந்து வந்தவன் எல்லாம் இந்தி என்று நினைக்கிறது, தமிழர் எல்லாரையும் மதராசி என்று கூப்பிடுகிற மாதிரித்தான்.

---

ஓலைக்கொட்டான் | புதன், இரவு 7.50

சங்கரன் தம்பிக்குப் பதில் சொல்லாமல் மூன்று நாளாகத் தள்ளிப் போட்டேன். மழுப்பக் கூடாது என்பதால்.

முதலில் உங்கள் அம்மாவிடம், முகம் தெரியாத அந்த இரண்டு பேர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். எழுந்து போக முடியாமல் படுத்துக் கிடக்கிறவரிடம் பயத்தை விதைப்பது சுவிசேஷம் இல்லை. குருடனாகப் பிறந்தவனைக் காட்டி இவன் செய்த பாவமா, பெற்றவர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டும் இல்லை என்றார். வேதம் படித்தவர்கள் அதைத் தாண்டிப் போய் வார்டில் அப்படிப் பேசியது எனக்கு வெட்கம்.

இனி உங்கள் கேள்வி. அசரியா மனம் திரும்புதலில் நம்பிக்கை உள்ளவர், அதை அவர் ஒளித்ததே இல்லை. தோர்ணக்கல்லில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தலையில் கை வைத்து, நான் சுவிசேஷத்தைச் சொல்லாதிருந்தால் எனக்கு ஐயோ என்று பவுலின் வார்த்தையைச் சொல்லச் சொல்வார். காந்தியடிகளுக்கும் அவருக்கும் இதில் கருத்து ஒத்துப்போகவில்லை. நானும் ஒளிக்கவில்லை. என் வாழ்க்கையைத் தாங்குகிற ஒன்றை என் சிநேகிதியிடம் சொல்லாமலே இருந்தால், அவளிடம் நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் எனக்குத் தோன்றும். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால், அவள் கேட்கும்படி வாழ்ந்தேனா என்று என்னைக் கேட்டுக்கொள்வேன். அவள் வேண்டாம் என்றால் அடுத்த நாளும் அவள் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போவேன். மலைக்காட்டு மகளின் அப்பா அந்தத் தாத்தா வீட்டுத் திண்ணையில் செய்தது இதுதான். வேண்டாம் என்ற மறுநாள் போகாவிட்டால், நீங்கள் கேட்டீர்களே, அதற்கு நட்பு என்று பெயர் வைக்க முடியாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயம் 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டையானது. கோயில் தூண்களும் மசூதிக் குவிமாடங்களும் சேர்ந்த கட்டடம். நைஜாம் நாட்டில் எல்லாரும் இது நம்மூர்க் கட்டடம் என்று உணர வேண்டும் என்று விரும்பினார். ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தேன். வெளிப் படியில் உட்கார்ந்து, ஒரு வெள்ளாளன்விளைக்காரர் இதைத் தெலுங்கில் யோசித்திருக்கிறாரே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

கன்வென்ஷன் பந்தல் தம்பி, உங்கள் தாத்தா கதையை நான் நம்புகிறேன், அந்தக் காகிதத்துக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் குழாயடியில் விரட்டின கையாலேயே அதைக் கொடுத்தால் எந்தப் பையன் வாங்குவான்?

---

கன்வென்ஷன் பந்தல் | புதன், இரவு 9.05

அதற்கு என்னிடம் பதில் இல்லை டீச்சர். யோசிக்கிறேன்.

---

சங்கரன் நெல்லை | வியாழன், மதியம் 1.20

டீச்சர், நன்றி. நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மன்னிப்பு எதற்கு, அந்த அம்மா என்ன செய்தார்கள் பாவம் என்றார்கள். எனக்கு எல்லாம் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒளிக்காமல் சொன்னீர்கள், மறுநாளும் காப்பிக்கு வருவேன் என்றீர்கள். அது போதும்.

தம்பி, எங்கள் அம்மன் கோயில் கொடையிலும் வெளியூர்ப் பையன்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே வா, உட்கார் என்று சொல்ல நாங்களும் மறந்துபோகிறோம். அசனத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

---

பனங்காட்டுத் தம்பி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11.15

இன்றைக்குப் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் முடிந்தது. கை இன்னும் மசாலா வாசம். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பதில்களைப் படித்த மறு நாள் சாயங்காலம் தனியாக மண்டபத்துக்குப் போனேன். தகரக் கொட்டகை. 9 பேர். ஒருவன் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தான். மலைக்காட்டு மகள் சொன்னபடி ஜோஹார் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கேனைக் கொட்டிவிட்டுப் போனவன் அவன்தான். பெயரைச் சொன்னான். சுந்தர்கர் மாவட்டம். அவன் போன் கவரில் சின்னதாக ஒரு சிலுவை ஒட்டியிருந்தது. கையைக் காட்டிக் கேட்டேன். "கோஸ்னர் சர்ச்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ஐயரிடம் (எங்கள் சபைப் போதகரிடம்) வந்து கேட்டேன். அவர் சொன்னார்: 1845-ல் ஜெர்மனியிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தார்கள். ஐந்து வருஷம் ஒருவர்கூட விசுவாசிக்கவில்லை. 1850-ல் ஓராவோன் ஆதிவாசி மக்களில் 4 பேர் முதல் ஞானஸ்நானம் எடுத்தார்கள். 1919-ல் சுதந்திரச் சபை ஆகிவிட்டது. அந்தப் பக்கம் ஊர் ஊராக லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கச் சபைகளும் உண்டு.

9 பேரில் 4 பேர் லுத்தரன், ஒருவன் கத்தோலிக்கன். மற்ற 4 பேரில் இரண்டு பேர் சர்னா, ஆதிவாசிகளின் பழைய வழிபாடு. இரண்டு பேர் இந்து. ஏழு மாதமாக எங்கள் ஆலயச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டுச் சாரத்தில் நின்று கவனிப்பார்களாம். உள்ளே ஏன் வரவில்லை என்று கேட்டேன். சிமெண்ட் படாத சட்டை ஒன்றுதான் இருக்கிறது, அது ஊருக்குப் போக வைத்திருக்கிறது என்றான்.

கமிட்டியில் இதைச் சொன்னபோது வெகுநேரம் யாரும் பேசவில்லை. தண்ணீர் பிடிக்க விடாதவர்தான் முதலில் பேசினார். அசனத்துக்கு அவர்களைக் கூப்பிட நானும் வருகிறேன் என்றார். வந்தார். அவருக்கு இந்தி தெரியாது, ஒடியாவும் தெரியாது. கொட்டகை வாசலில் நின்று கையைக் கூப்பினார்.

வடக்குத்தெரு பேரன் அண்ணனுக்குப் பதில்: முதல் பந்தி. எளிதாக நடக்கவில்லை. வெளியாட்கள் கடைசியில் உட்காரட்டும், நம் ஜனங்களே காத்திருக்கிறார்கள் என்று இரண்டு பெரியவர்கள் சொன்னார்கள். ஐயர் ஒன்றும் பேசாமல் அவர்கள் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யார் எழுப்ப முடியும்? 9 பேரும் சாப்பிட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு. இலையில் யாரையும் தாண்டிப் போகாமல் இருக்க அந்த வரிசைக்கு நானே பரிமாறினேன் அண்ணே. உங்கள் வெறும் இலைதான் கண்ணில் நின்றது.

ஞாயிறு காலை வேலை இருப்பதால் இனி சாயங்காலம் 5 மணிக்கு ஒரு ஜெபம் வைக்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். லுத்தரன் பையன்கள் தங்கள் மொழியில் பாடுவார்கள். மற்ற 4 பேரில் ஒருவன் சாப்பாடு இருக்குமா என்று கேட்டான், டீ உண்டு என்றோம். குழாய்க்கு வரும் வாரம் பிளம்பர் வருகிறார். காம்பவுண்டுச் சுவரைத் துளைத்துத் தெருப்பக்கம் ஒரு குழாய், பூட்டுக் கிடையாது. வரைபடத்தில் சுந்தர்கரில் ஒரு குண்டூசி குத்தலாமா என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள். அங்கே நாம் அனுப்பவில்லையே என்றேன். அவர்கள் நம்மிடம் வந்திருக்கிறார்களே, பச்சைக் குண்டூசி குத்தலாம் என்றது ஒரு பிள்ளை. குத்திவிட்டோம்.

---

மலைக்காட்டு மகள் | திங்கள், காலை 6.40

அண்ணன், காலையிலேயே அழ வைத்துவிட்டீர்கள்.

ஓராவோன் என்றால் அவர்கள் வீட்டில் பேசுவது குடுக் மொழி. நான் சின்ன வயசில் கேட்ட மால்டோவும் அதுவும் அக்கா தங்கை, இரண்டும் திராவிட மொழிகள். தமிழுக்கு தூரத்துச் சொந்தம். "ஏன்" என்றால் நான், "நீன்" என்றால் நீ. கண்ணுக்கும் ஏறக்குறைய நம் சொல்தான், முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து சொல்வார்கள். தண்ணீருக்கு என்ன சொல்கிறார்கள் என்று அந்தப் பையனிடமே கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

---

பனங்காட்டுத் தம்பி | திங்கள், இரவு 8.10

கேட்டேன். குழாயடியில் நின்று தண்ணீரைக் காட்டினேன். "அம்ம்" என்றான்.

---

ஓலைக்கொட்டான் | திங்கள், இரவு 8.25

தம்பி, அம் என்றால் நீர் என்று நம் பழைய நிகண்டுகளிலும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு 5 மணி ஜெபத்துக்கு நான் பஸ் ஏறி வருகிறேன். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.